பத்து வயசுப் புள்ளைக்குப் பொதுத்தேர்வா? கதவைச் சாத்த நினைப்பவர்களுக்கு நம் பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாப் படிச்சுட்டுப் பகிருங்க. உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ, உங்க தெருவுலயோ அஞ்சாவது அல்லது எட்டாவது படிக்கிற புள்ள ஒண்ணாவது இருக்கும். அந்தப் புள்ளையைப் பத்தின விஷயம் இது.

கொஞ்ச காலமாகவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆல் பாஸ் போட்டுப் போட்டுத்தான் கவர்மெண்ட் ஸ்கூல் கெட்டுப் போச்சு. அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் மாநிலம் முழுக்க ஒரே கேள்வித்தாள்ல பொதுத்தேர்வு வைக்கணும். பெயிலானா அதே கிளாஸ்ல உக்காரட்டும். அப்பத்தான் பயம் வரும்." டீக்கடையில் இதைக் கேட்கலாம். வாட்ஸ்அப் குழுவில் பார்க்கலாம். தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டு போட்ட நிபுணர் இதையே இங்கிலீஷ் கலந்து சொல்லுவார்.

இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. பலர் உண்மையான கவலையில் சொல்கிறார்கள். அவர்களோடு பேச வேண்டும். ஆனால் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சட்டத் திருத்தம் இருக்கிறது, ஒரு கல்விக் கொள்கை இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்து என்று மாநிலத்தின் கழுத்தைப் பிடிக்கும் ஒரு நிதி அரசியல் இருக்கிறது. அதைப் பேசாமல் இருக்க முடியாது.

முதலில், சட்டம் என்ன சொன்னது?

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆவது பிரிவு தெளிவாகச் சொன்னது: பள்ளியில் சேர்ந்த எந்தக் குழந்தையையும் எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கக் கூடாது, பள்ளியை விட்டு வெளியேற்றவும் கூடாது. 30ஆவது பிரிவு இன்னொன்றும் சொன்னது: எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வு எதிலும் தேர்ச்சி பெற வேண்டியதில்லை.

இதைத்தான் "ஆல் பாஸ்" என்று கேலி பேசுகிறார்கள். அதே சட்டத்தின் 29ஆவது பிரிவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். குழந்தை என்ன புரிந்துகொண்டது, எங்கே திணறுகிறது என்பதை ஆண்டு முழுக்கத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதாவது, தேர்வே வேண்டாம், மேலே தள்ளிவிடு என்று சட்டம் சொல்லவே இல்லை. வருஷக் கடைசியில் ஒரே ஒரு நாள் மூணு மணி நேரம் சோதிக்காதே, வருஷம் பூரா கூடவே இருந்து பார் என்றுதான் சொன்னது. கூடவே இருந்து பார்க்க ஆள் போட்டோமா? அதுதான் கேள்வி. அதுக்கு அப்புறம் வருவோம்.

2019ல் ஒன்றிய அரசு இந்தச் சட்டத்தைத் திருத்தியது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டு இறுதியில் தேர்வு. தோற்றால் கூடுதல் பயிற்சி கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தோற்றால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்துகொள்ளலாம். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் விதிகளையும் மாற்றித் தன் பள்ளிகளில் இதைக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் இருக்கும் கேந்திரிய வித்யாலயாக்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று இதுதான் விதி. நாடு முழுக்கப் பல மாநிலங்கள் ஏற்கெனவே இதன் பின்னால் போய்விட்டன.

தமிழ்நாடு போகவில்லை. ஆனால், போகவே முடியாது என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். ஏனென்றால் ஒரு தடவை போயிருக்கிறது.

மறந்துட்டீங்களா? 2019 செப்டம்பரை நினைச்சுப் பாருங்க.

2019 செப்டம்பர் 13. அன்றைய அதிமுக அரசு ஓர் அரசாணை போட்டது. அந்தக் கல்வியாண்டிலிருந்தே ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு. முதல் மூன்று ஆண்டுக்கு யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம் என்று ஒரு சமாதானம். அப்படியென்றால் நாலாவது வருஷம்? பதில் இல்லை.

ஒரு அரசாணைதான். சட்டமன்றத்தில் விவாதம் கிடையாது. பெற்றோரிடம் கேட்டது கிடையாது. கல்வியாண்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, பத்து வயதுப் பிள்ளைகளின் தலையில் "பொதுத்தேர்வு" என்ற வார்த்தை விழுந்தது. தேர்வை எந்தப் பள்ளியில் எழுதுவது என்பதில் கூட ஜனவரி வரை குழப்பம். அவரவர் பள்ளியிலேயே எழுதலாம் என்று அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியர் இயக்கங்கள், பெற்றோர், கல்வியாளர்கள், எதிர்க்கட்சிகள் எல்லாரும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4ஆம் தேதி அமைச்சர் செங்கோட்டையன் தேர்வு ரத்து என்று அறிவித்தார்.

ஐந்து மாதம் கூட முழுசாக நிற்கவில்லை. ஜனங்க எதிர்த்ததால் போனது. எதிர்க்காமல் இருந்திருந்தால் இன்று உங்கள் பிள்ளை அந்தத் தேர்வுக்குத்தான் கைடு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கும்.

சரி, இப்போது அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வருவோம்.

கேள்வி 1: "தேர்வு பயம் இல்லேன்னா புள்ளைங்க படிக்குமா?"

பயத்துல படிச்சது பயத்தோடயே போயிடும்ங்க. நம்மில் எத்தனை பேருக்குப் பத்தாவது வரலாற்றுப் பாடம் இன்னும் நினைவிருக்கிறது?

வாசிக்கத் தெரியாத ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை? சோம்பேறித்தனமா? இரண்டாம் வகுப்பிலேயே எழுத்துக் கூட்டும் இடத்தில் சிக்கிக்கொண்டது. அன்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் பாடம் ஓடியது, பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. நான்கில் இடைவெளி பெரிதானது. இப்போது ஐந்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வைத்து, "நீ பெயில்" என்று சொன்னால், இரண்டாம் வகுப்பில் விட்ட எழுத்து திரும்பி வந்துவிடுமா?

நிறுத்தி வைத்தால் என்ன நடக்கும்? அதே வகுப்பறை. அதே பாடப்புத்தகம். அதே ஆசிரியர். அதே வேகம். போன வருஷம் புரியாத பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருஷம் நடத்துவார்கள். மாறுவது ஒன்றே ஒன்று. கூடப் படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இது உட்கார்ந்திருக்கிறது.

காய்ச்சல் இருக்குன்னு தெர்மாமீட்டர் காட்டினா மருந்து கொடுக்கணும். புள்ளைய ஆஸ்பத்திரிய விட்டுத் துரத்துறதா?

கேள்வி 2: "அஞ்சாவது முடிச்ச புள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியலையே, அதுக்கு என்ன பதில்?"

நியாயமான கேள்வி. ஒளிக்க வேண்டியதில்லை. நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது என்று 2024 ஆசர் ஆய்வு சொல்கிறது. நம் மாநிலத்திலும் இந்தக் குறை இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது இன்னும் ஆழமானது. அதனால்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022ல் எண்ணும் எழுத்தும் வந்தது.

கவனியுங்கள். குறை இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? எந்தப் பிள்ளையையும் பெயில் போடாமல்தான் தெரிந்தது. மாதிரிக்குச் சில பள்ளிகளையும் சில பிள்ளைகளையும் எடுத்து அடைவுத் தேர்வு நடத்தினாலே மாநிலத்தின் நிலைமை தெரிந்துவிடும். தேசிய அடைவுத் தேர்வு அப்படித்தான் நடக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பானை முழுக்க ஒவ்வொரு பருக்கையாக நசுக்கிப் பார்த்தால்தான் வெந்ததா என்று தெரியும் என்பவர்களுக்குச் சமையலும் தெரியாது, கல்வியும் தெரியாது.

மாநிலம் எப்படிக் கற்பிக்கிறது என்று அளப்பது ஒரு வேலை. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். அந்த அளவுகோலை எடுத்துப் பிள்ளையின் முதுகில் அடிப்பது வேறு வேலை. அதைத்தான் கூடாது என்கிறோம்.

கேள்வி 3: "எல்லாருக்கும் ஒரே தேர்வு. இதுல என்ன அநியாயம்?"

ஒரே கேள்வித்தாள்தான். ஆனால் ஒரே பள்ளிக்கூடமா?

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். நம் கிராமங்களில் 60 பிள்ளைகளுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியர் வட்டார வளமையக் கூட்டத்துக்குப் போனார் என்றால், மிச்சம் இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் எமிஸில் வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, ஏதோ ஓர் அவசரப் புள்ளிவிவரம் "இன்று மாலை நாலு மணிக்குள்" என்று வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும்.

அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையும், வகுப்புக்கு ஒரு டீச்சர், பாடத்துக்கு ஒரு டீச்சர், சாயங்காலம் டியூஷன், வீட்டில் படித்த அப்பா அம்மா என்று இருக்கிற பிள்ளையும் ஒரே கேள்வித்தாளை எழுத வேண்டும். அதற்குப் பெயர் சமத்துவமாம்!

பந்தயத்தில் ஒருத்தன் காலில் ஷூ, இன்னொருத்தன் காலில் முள். கோடு மட்டும் ஒண்ணு. ஜெயிச்சவனுக்குத் "தகுதி" இருக்குன்னு சர்டிபிகேட் வேற.

பெயில் யார் ஆவார்கள் என்று தனியாக ஆய்வு நடத்த வேண்டுமா? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளை. மலைக்கிராமத்தில் வீட்டில் ஒரு மொழியும் பாடப்புத்தகத்தில் வேறு மொழியுமாகப் படிக்கும் பழங்குடிப் பிள்ளை. வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்தின் பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் லீவு போடும் பெண் பிள்ளை. சாதிக்காரத் தெருவைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் காலனிப் பிள்ளை. இவர்கள்தான் தேர்வுப் பட்டியலில் அடியில் இருப்பார்கள். பட்டியல் வருவதற்கு முன்னாலேயே நமக்குத் தெரியும்.

கேள்வி 4: "பெயிலானா மறுபடி படிக்கட்டுமே. என்ன குறைஞ்சு போச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர் வீட்டில் பிள்ளை பெயிலானால் டியூஷன் மாற்றுவார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த வீட்டில் பெயிலானால் பள்ளிக்கூடமே நின்றுவிடும். வித்தியாசம் அதுதான்.

நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். "அஞ்சாங் கிளாஸ் பெயிலு, அதோட நின்னுட்டேன்." "எட்டாவது வரைக்கும் போனேன், பெயிலாயிட்டேன், மாடு மேய்க்க விட்டுட்டாங்க." எத்தனை வீட்டில் இந்தக் கதை இருக்கிறது! அவர்களுக்கெல்லாம் புத்தி இல்லையா? வட்டிக்கணக்கை மனசிலேயே போடுவார்கள். மழை எப்போ வரும்னு மேகத்தைப் பார்த்துச் சொல்லுவார்கள். "உனக்குப் படிப்பு ஏறாது" என்று பத்து வயதில் ஒரு காகிதம் சொல்லிவிட்டது. ஆயுசுக்கும் நம்பிவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தை மறுபடியும் அச்சடிக்கத்தான் இப்போது சொல்கிறார்கள்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளை எங்கே போகும்? 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் திருத்தினார்கள். பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று அதில் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். 2019ல் பெயில் போடுவதற்கு இன்னொரு வாசல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தறிக்காரர் பிள்ளை தறிக்கு. மீன்காரர் பிள்ளை வலைக்கு. துப்புரவுப் பணியாளர் பிள்ளை?

இதை இந்த மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1953ல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெரியார் தெருவில் இறங்கினார். தமிழ்நாடே கொதித்தது. 1954ல் காமராசர் முதலமைச்சராக வந்ததும் அந்தத் திட்டம் தூக்கி எறியப்பட்டது. அன்று நேரடியாகச் சொன்னார்கள், நாம் கண்டுபிடித்தோம். இன்று தேர்வு என்றும் தரம் என்றும் பெயர் மாற்றி வருகிறார்கள். அதே பழைய கள், புது மொந்தை.

கேள்வி 5: "தரம் வேண்டாமா? ஆல் பாஸ் போட்டு என்ன சாதிச்சீங்க?"

கேளுங்க, சொல்றோம்.

18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேர் கல்லூரிப் படிப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றிய அரசே எடுக்கும் உயர்கல்விக் கணக்கெடுப்பில், 2021-22ல் இந்தியாவின் சராசரி 28.4 சதவீதம். தமிழ்நாடு 47 சதவீதம்.

இது எப்படி வந்தது? பத்து வயதில் வடிகட்டியதால் வந்ததா? 1956ல் காமராசர் மதிய உணவு கொடுத்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். பிறகு முட்டை வந்தது, இலவசப் பேருந்துப் பயணம் வந்தது, சைக்கிள் வந்தது, 2022ல் காலை உணவு வந்தது. யார் ஆண்டாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த மாநிலம் எழுபது வருஷமாகச் செய்தது ஒரே வேலைதான்: பிள்ளையை எப்படியாவது பள்ளிக்கூடத்துக்குள்ளே வைத்துக்கொள்வது. சோறு போட்டு உள்ளே கூப்பிட்ட மாநிலத்தில், கேள்வித்தாளைக் காட்டி வெளியே அனுப்பச் சொல்கிறார்கள்.

17 வயதுப் பிள்ளையைக் கோச்சிங் சென்டர் வைத்து வடிகட்டுவது கிராமத்துப் பிள்ளைக்கு அநியாயம் என்று 2007ல் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வையே சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது. 2017ல் நீட்டை நம் தலையில் கட்டினார்கள். அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணும் நிலை வந்தது. 2020ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்துதான் அந்தக் கதவைக் கொஞ்சமாவது திறக்க முடிந்தது. "ஒரே தேர்வு" யாரைத் தூக்கிவிடும், யாரைக் கீழே தள்ளும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள்.

பதினொன்றாம் வகுப்பு நமக்குச் சொன்ன பாடம்

2017-18ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். காரணம் என்ன? பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்தன. பிராய்லர் கோழிப் பண்ணை என்று ஊரே பேசியது. தப்பு செய்தது பள்ளி. ஆய்வுக்குப் போய்ப் பிடிக்க வேண்டியது அதிகாரி. தேர்வு எழுத வைத்தது யாரை? பிள்ளையை.

விளைவு, பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு. பதினைந்து வயதில் ஆரம்பித்து மூச்சு விட நேரமில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில்தான் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. நல்ல முடிவு. வரவேற்கிறோம். ஆனால் பள்ளிகள் மறுபடியும் பழைய குறுக்கு வழிக்குப் போகாமல் பார்ப்பது கல்வித்துறையின் பொறுப்பு. நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையைத் தேர்வின் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எட்டு வருஷமே சாட்சி.

பக்கத்து வீட்டையும் பாருங்கள்

கர்நாடகாவில் 5, 8, 9, 11 வகுப்புகளுக்கு மாநில அளவிலான தேர்வு என்று 2023-24ல் அறிவித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது, உச்ச நீதிமன்றம் போனது. ஒரு நாள் ரத்து, இன்னொரு நாள் நடத்தலாம். பாதித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தம், மறுபடி தொடக்கம். கடைசியில் 2024 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பெரியவர்கள் கோர்ட்டில் வாதாடினார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். அங்கே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் நல்ல பள்ளிகளுக்குப் போகவும் உதவித்தொகை பெறவும் வழி செய்வதுதான் அதன் நோக்கம். இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அந்தப் பரீட்சைக்காகச் சின்னப் பிள்ளைகள் ரியூஷன் வகுப்புகளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையில் கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, பிரச்சினை அந்த நாட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு வினாத்தாள் கசிவு! நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். பிள்ளையின் எதிர்காலத்தை ஒரே தேர்வில் கட்டினால் சந்தை வந்துவிடும், மோசடியும் வந்துவிடும்.

அமெரிக்காவைப் பாருங்கள். 2002ல் "எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது" என்ற பெயரில் ஒரு சட்டம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் மாநில அளவிலான தேர்வு. மதிப்பெண் உயராத பள்ளிக்கு நடவடிக்கை. என்ன நடந்தது? அட்லாண்டா நகரத்தில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைத்தாளை எடுத்துத் தப்பான விடையை அழித்துச் சரியான விடையை எழுதினார்கள். 2011ல் ஜார்ஜியா மாநில விசாரணையில் 44 பள்ளிகளும், ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேரும் சிக்கினார்கள். 2015ல் 11 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மதிப்பெண் ஏறியது, பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை. அந்தச் சட்டத்தையே 2015ல் மாற்றினார்கள்.

தேர்வுக்குப் பேர் போன சிங்கப்பூரே தொடக்கப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் அரையாண்டுத் தேர்வுகளை 2023க்குள் எடுத்துவிட்டது. பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அவர்களே தேர்வைக் குறைக்கும் திசையில் நடக்கிறார்கள். நம்மைக் கூட்டும் திசையில் தள்ளுகிறார்கள்.

காசைப் பிடித்து வைத்து மிரட்டுவது யார்?

2020 தேசியக் கல்விக் கொள்கை 3, 5, 8 வகுப்புகளில் உரிய அதிகார அமைப்பு தேர்வு நடத்த வேண்டும் என்கிறது. எட்டு வயதிலேயே ஆரம்பம். பள்ளி முன்னேற்றத்தைப் பார்க்கத்தான் என்று கொள்கை சொல்கிறது. அதன் பக்கத்திலேயே 2019 சட்டத் திருத்தம் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தோடு நிற்கிறது. ஒரு கை தேர்வை நீட்டுகிறது, இன்னொரு கை கதவைப் பிடித்திருக்கிறது.

இந்தக் கொள்கையை முழுசாக ஏற்கும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. அதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கு நமக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி, சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. அந்தப் பணம் யாருடையது? பழங்குடிப் பகுதிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளி, மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், தற்காலிக ஆசிரியர் சம்பளம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைக்கு உதவும் காசை நிறுத்திவிட்டு, பின்தங்கியிருக்கிறானா என்று பார்க்கத் தேர்வு வை என்கிறார்கள். இதைவிடக் கொடுமை உண்டா?

நாம் என்ன கேட்கிறோம்?

எதிர்ப்பதோடு நிற்கவில்லை. நம் கோரிக்கைகள் இவை:

1) எட்டாம் வகுப்பு வரை பொதுத்தேர்வும் கிடையாது, நிறுத்தி வைப்பதும் கிடையாது என்பது இன்று கொள்கை அறிவிப்பாக இருக்கிறது. அது போதாது. ஓர் அரசாணையில் வந்ததை இன்னோர் அரசாணை அடித்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு விதிகளிலேயே இதை எழுத வேண்டும். நாளைக்கு யார் வந்து மாற்ற நினைத்தாலும் சட்டமன்றத்தின் முன் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

2) தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். "60 பேருக்கு இரண்டு" என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். அதற்கு மேல் போடக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும்.

3) இரண்டாம் வகுப்பு முடியும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிக்க வருகிறதா, கூட்டல் கழித்தல் வருகிறதா என்று அந்த வகுப்பாசிரியரே பார்க்க வேண்டும். வராத பிள்ளைக்கு அடுத்த நாளே கூடுதல் கவனிப்பு. ஐந்தாம் வகுப்பு வரை காத்திருந்து கணக்குத் தீர்க்கக் கூடாது.

4) மாநில அடைவு ஆய்வு நடக்கட்டும். ஆனால் அதைக் காட்டிப் பள்ளிகளுக்கு ரேங்க் போடக் கூடாது, ஆசிரியருக்கு மெமோ கொடுக்கக் கூடாது, எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே வரக் கூடாது. மதிப்பெண் குறைந்த பள்ளிக்குத் தண்டனை போகக் கூடாது. ஆசிரியரும் நிதியும் முதலில் அங்கே போக வேண்டும்.

5) எமிஸ் பதிவேற்றம் உள்ளிட்ட எழுத்து வேலைகளுக்குத் தனி ஊழியர். ஆசிரியரின் கையில் சாக்பீஸ் இருக்கட்டும்.

6) நிறுத்தி வைத்திருக்கும் கல்வி நிதி முழுவதையும் நிபந்தனையின்றி ஒன்றிய அரசு கொடுக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதிவு உங்களுக்கு எதிரானது இல்லை. பொதுத்தேர்வு வந்தால் பிள்ளைக்கு அடுத்தபடி மாட்டிக்கொள்வது நீங்கள்தான். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். "ஆல் பாஸ்தானே" என்ற அலட்சியம் எங்காவது இருந்தால், அதுதான் எதிராளிக்கு நாம் கொடுக்கும் ஆயுதம். பிள்ளை மேல் வகுப்புக்குப் போவது அதன் உரிமை. கற்றுக்கொண்டு போவதும் அதே அளவு உரிமை. இரண்டாவதைக் காப்பாற்றினால்தான் முதலாவது நிலைக்கும்.

பெற்றோர்களே, நீங்கள் செய்ய வேண்டியது மூன்று.

உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அது உங்கள் சட்ட உரிமை. எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கிராமசபையில் எழுந்து நில்லுங்கள். "எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை பொதுத்தேர்வு வேண்டாம், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்" என்று தீர்மானம் போடுங்கள். 2020ல் தேர்வு ரத்தானது யாருடைய கருணையாலும் இல்லை. உங்கள் குரலால்தான்.

ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "அஞ்சாவது, எட்டாவது புள்ளைய பெயில் போடுவீங்களா, மாட்டீங்களா?" சுற்றி வளைத்துப் பேசினால் புரிந்துகொள்ளுங்கள்.

பத்து வயசுல ஒரு புள்ள தோத்துப் போகாதுங்க. அந்தப் புள்ளைக்கு அதுவரைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியவங்கதான் தோத்திருக்கோம். மார்க் ஷீட் வேணும்னா அரசுக்குப் போடுங்க. புள்ளைக்கு அடுத்த வகுப்புக்கான புத்தகத்தைக் கொடுங்க.

பகிருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

#பத்துவயதில்பொதுத்தேர்வுவேண்டாம்
#வகுப்புக்குஓர்ஆசிரியர்
#கல்விஉரிமைகாப்போம்